கடைமடைப் பெட்டிக்குள் டெவ்எம்: ஓட்டிப் பார்த்தவனின் விமர்சனம்

டெவ்எம்முக்கு விலை ஒன்றும் இல்லை. லினக்ஸ் கர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) இறக்கினால் கூடவே வந்துவிடுகிறது, அதனால் காசுக்குத் தகுந்த சரக்கா என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை. கேள்வி வேறு. ஹார்டுவேர் டிரைவர் (ஒரு டிவைஸை ஓட்டும் நிரல்) எழுதுகிறவர், மெமரி, கிளாக் (துடிப்பு), ரெகுலேட்டர் (மின்சப்ளை), இன்டரப்ட் (ஹார்டுவேர் கூப்பிடும் சைகை) என்று வரிசையாக வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் வேலையைக் கர்னலிடமே விட்டுவிடலாமா, விட்டால் எதுவரைக்கும் நம்பலாம்? டெவ்ரெஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது (ஃபங்ஷன் பெயர்கள் எல்லாம் டெவ்எம் என்று ஆரம்பிப்பதால் எல்லாரும் அதை டெவ்எம் என்றே சொல்கிறார்கள்), அப்புறம் 2023-ல் வந்த கிளீனப் ஹெடர் (ஒரு ஃபங்ஷனுக்குள் வாங்கியதை அது முடியும்போது தானே விடுவிக்கும் வசதி) இருக்கிறது. இரண்டையும் கும்பகோணத்தில் ஒரு சின்னப் பட்டறையில் வைத்து, வயல்காட்டில் கொண்டுபோய் மாட்டும் பெட்டிகளில் வேலை வாங்கிய அனுபவத்தில் எழுதுகிறேன். கம்பெனி லேபில் ஏசி போட்டு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம்.

நாங்கள் செய்வது பெரிய சரக்கு இல்லை. வாய்க்கால் மதகுப் பக்கம் நீர்மட்டம் அளக்கும் பெட்டி ஒன்று, போர்செட் கொட்டகையில் மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் எடுக்கிறதா என்று பார்க்கும் பெட்டி ஒன்று. உள்ளே ஒரு ஏஆர்எம் போர்டு, அதில் லினக்ஸ், ஐ-டூ-சி கம்பியில் ஒரு சென்சார், சென்சார் கூப்பிடுவதற்கு ஒரு இன்டரப்ட் கால், ஒரு ரிலே, அவ்வளவுதான். அரசலாற்றுப் பாசனத்தில் கும்பகோணம் சுற்றுவட்டாரம் வரைக்கும் தொந்தரவு குறைவு. திருவாரூரைத் தாண்டிக் கடைமடைக்கு, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போய்விட்டால் உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்துப்போகும், கம்பி லேசாக ஆடினால் சென்சார் காணாமல் போகும், மறுபடி ஆடினால் திரும்பி வரும். போர்டுக்கு சோலாரும் பேட்டரியும் கொடுத்திருக்கிறோம், அது சாகாது. சென்சாருக்கு வேண்டிய 12 வோல்ட் மட்டும் கொட்டகைக் கரண்டிலிருந்து வருகிறது, அந்தக் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆக, லினக்ஸ் உயிரோடு இருக்கும், அதன் கையில் இருக்க வேண்டிய ஹார்டுவேர் மட்டும் போய்ப் போய் வரும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், டிரைவர் எழுதக் கற்றுக்கொடுக்கும் இடங்களில் ப்ரோப் ஃபங்ஷன் (டிவைஸைப் பார்த்து டிரைவரைத் தயார் செய்யும் பகுதி) ஒரே தடவை ஓடும், அது வெற்றியாகவும் முடியும் என்ற நினைப்பிலேயே எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதியில் தோற்றால் என்ன ஆகும் என்பது கடைசிப் பக்கம். எங்கள் ஊரில் அந்தக் கடைசிப் பக்கம்தான் முதல் பக்கம். 12 வோல்ட் திரும்பியதும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போய் சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னலோடு பேச உதவும் கோப்புகள்) பைண்ட் கோப்பில், டிரைவரை டிவைஸோடு சேர்க்கச் சொல்லி எழுதும், ப்ரோப் ஓடும், சென்சார் இன்னும் தயாராகவில்லை என்றால் தோற்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதும். ஒரே நாளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் இது நடக்கும். தோற்கிற ஒவ்வொரு தடவையும் டிரைவர் எதையாவது கையில் வைத்துக்கொண்டு திரும்பினால், சாயங்காலத்துக்குள் பெட்டி நின்றுவிடும்.

சென்சார் விற்றவர்கள் கூடவே ஒரு டிரைவரும் கொடுத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். ப்ரோப்புக்குள் பழைய முறைப்படி எல்லாம் இருந்தது: கேஸாலாக் போட்டு மெமரி, ரெகுலேட்டர் வாங்கி ஆன் செய்தல், கிளாக் வாங்கி ஆன் செய்தல், ரீசெட்டுக்கு ஒரு ஜிபிஐஓ (கர்னல் ஆட்டும் சிப் கால்), இன்டரப்ட், கடைசியில் பதிவு. ஒவ்வொரு படியிலும் தோற்றால் கோ-டூ போட்டு கீழே ஒரு லேபிளுக்குக் குதிக்க வேண்டும், அந்த லேபிள்கள் ஏணிப்படி வரிசையில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இறங்கும். இந்த முறையில் தப்பில்லை, கர்னலில் இன்றைக்கும் ஆயிரக்கணக்கான இடத்தில் இதுதான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் நடுவில் யாரோ ஒருவர் பின்னாளில் புதிதாக ஒரு படியைச் சேர்த்திருக்கிறார், சிப்பின் அடையாள எண்ணைப் படித்துச் சரிபார்க்கும் படி, அது தோற்றால் கோ-டூ இல்லாமல் நேரே ரிட்டர்ன். சென்சாருக்குக் கரண்ட் இல்லாதபோது தோற்கிற படி சரியாக அதுதான். விளைவு: ரீசெட் ஜிபிஐஓவைத் திருப்பிக் கொடுக்காமலேயே ப்ரோப் வெளியேறிவிடும், அடுத்த தடவை அதே ஜிபிஐஓவைக் கேட்டால் "பிஸி" என்று பதில் வரும், அதற்கப்புறம் கரண்ட் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி, ரீபூட் செய்யும்வரை அந்த சென்சார் கிடையாது. ரெகுலேட்டரை எத்தனை தடவை ஆன் செய்தோம் என்ற எண்ணிக்கையும் ஏறியபடியே நிற்கும். மதகு பார்க்கிற அண்ணன் போன் போட்டுச் சொல்வது ஒரே வரி: "தம்பி, கரண்டு வந்துருச்சு, ஒங்க பொட்டி மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது."

இந்த இடத்தில்தான் டெவ்எம் வருகிறது, இந்த வேலைக்கு அது அருமையான சரக்கு, சந்தேகமே இல்லை. 2007-ல் 2.6.21 கர்னலில் டேஜுன் ஹியோ கொண்டுவந்தது. டிஸ்க் கன்ட்ரோலர்களுக்கான லிபேட்டாவை ஒழுங்குபடுத்தும்போது பிறந்தது, பிறகு கர்னலின் எல்லா சப்சிஸ்டத்துக்கும் (உட்பிரிவு) பரவியது. நம்மூரில் கல்யாணச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் ஒரு நோட்டு இருக்குமே, அண்டா போனால் அண்டா, ஜமுக்காளம் போனால் ஜமுக்காளம், அந்தந்த வீட்டுப் பெயரின் கீழே எழுதிக்கொண்டே போவார்கள், விசேஷம் முடிந்தாலும் சரி பாதியில் நின்றாலும் சரி அந்தப் பக்கத்தைப் பார்த்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். டெவ்ரெஸ் ஒவ்வொரு டிவைஸுக்கும் அப்படி ஒரு பக்கம் வைத்திருக்கிறது. டெவ்எம்-கேஸாலாக் போட்டால் எழுதிக்கொள்ளும், டெவ்எம்-ரிக்வெஸ்ட்-ஐஆர்க்யூ போட்டால் எழுதிக்கொள்ளும். ப்ரோப் தோற்றால், அல்லது டிரைவர் பிரிக்கப்பட்டால், டிரைவர் கோர் அந்தப் பட்டியலைக் கடைசியில் எழுதியதிலிருந்து பின்னோக்கி விடுவித்துக்கொண்டு வரும். கடைசியில் வாங்கியது முதலில் போகும் என்ற அந்த வரிசைதான் இதில் உயிர்நாடி, அதை அப்புறம் சொல்கிறேன்.

டிரைவரை இதற்கு மாற்றியதும் கோ-டூ லேபிள்கள் எல்லாம் போய்விட்டன. ஒவ்வொரு படியிலும் தோற்றால் நேரே ரிட்டர்ன், அவ்வளவுதான், அடையாள எண் சரிபார்க்கும் படி தோற்றால்கூட. டிரைவர் பிரியும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனே இல்லாமல் போயிற்று. ப்ரோப் பாதிக்குப் பாதி சுருங்கியது, அதைவிடப் பெரிய லாபம், அடுத்து வருகிறவர் நடுவில் ஒரு படியைச் செருகினாலும் கீழே எந்த லேபிளைத் திருத்த வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. கூடவே 2020-ல் வந்த டெவ்-எர்-ப்ரோப் என்ற உதவி ஃபங்ஷனும் சேர்ந்துகொண்டால், "இன்னும் தயாரில்லை, பிறகு கூப்பிடு" என்று ஒத்திப்போடும் சமயத்தில் லாகில் (கர்னலின் பதிவேடு) தேவையில்லாத சத்தமும் வராது. இந்த ஒத்திப்போடும் வகைத் தோல்விக்கும் டெவ்எம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் கர்னல் தானே ப்ரோப்பை மறுபடி மறுபடி கூப்பிடும், ஒவ்வொரு கூப்பிடலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

கிளாக் விஷயத்தில் ஒரு சின்னக் குறை இருந்தது. டெவ்எம்-கிளாக்-கெட் என்பது கிளாக்கின் கைப்பிடியைத்தான் நோட்டில் எழுதும், ஆன் செய்ததை எழுதாது. ஆன் செய்தது உங்கள் பொறுப்பு. நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், டெவ்எம் என்று பெயர் இருந்தால் எல்லாம் தானே நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு கிளாக்கை ஓடவிட்டபடியே போய்விடுவார்கள். புதிய கர்னல்களில் வாங்கி, ஆன் செய்து, போகும்போது ஆஃப் செய்வது வரை சேர்த்துச் செய்யும் டெவ்எம்-கிளாக்-கெட்-எனேபிள்ட் வந்துவிட்டது, ரெகுலேட்டருக்கும் அதேபோல் உண்டு. பழைய கர்னலில் இருப்பவர்களுக்கு டெவ்எம்-ஆட்-ஆக்‌ஷன்-ஆர்-ரீசெட் என்ற பொதுச் சாவி இருக்கிறது: "போகும்போது இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று எதை வேண்டுமானாலும் நோட்டில் எழுதலாம். எழுதுவதே தோற்றுவிட்டால் (மெமரி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்) அந்த ஃபங்ஷனை உடனே கூப்பிட்டுவிட்டுத்தான் பிழை சொல்லும், அதனால் அங்கேயும் ஓட்டை இல்லை. மொத்த டெவ்ரெஸ்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த ஒன்றுதான். டெவ்எம் வடிவம் இல்லாத எதையும் இதை வைத்து உள்ளே இழுத்துவிடலாம்.

உள்ளே இழுப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பாதி டெவ்எம், பாதி கையால் என்று கலந்து எழுதுவதுதான் இதில் இருக்கிற பெரிய ஆபத்து. முழுக்கக் கையால் எழுதினாலாவது வரிசை கண்ணுக்குத் தெரியும். கலந்தால் தெரியாது. டிரைவர் பிரியும்போது முதலில் ரிமூவ் ஃபங்ஷன் ஓடும், அது முடிந்த பிறகுதான் டெவ்எம் பட்டியல் ஓடும். இப்போது இன்டரப்டை டெவ்எம்மில் வாங்கியிருக்கிறீர்கள், இன்டரப்ட் வந்தால் ஒரு ஒர்க்கை (பிறகு செய்ய ஒத்திவைத்த வேலை) வரிசையில் போடுகிறது, அந்த ஒர்க்கை ரிமூவில் கையால் ரத்து செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரத்து செய்துவிட்டு ரிமூவ் திரும்புகிறது. இன்டரப்ட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சரியாக அந்த இடைவெளியில் வாய்க்காலில் ஒரு அலை அடித்து சென்சார் கூப்பிட்டால், ஒர்க் மறுபடி வரிசையில் ஏறும், அதற்கப்புறம் டெவ்எம் வந்து இன்டரப்டையும் மெமரியையும் விடுவிக்கும், ஒர்க் போய் இல்லாத மெமரியைத் தொடும். லேபில் மாதக்கணக்கில் ஓட்டினாலும் இது வராது, மழை பெய்கிற ராத்திரியில் கடைமடையில் வரும்.

மருந்து வரிசைதான். முதலில் மெமரி, அடுத்து "ஒர்க்கை ரத்து செய்" என்ற ஆக்‌ஷன், அதற்கும் அப்புறம் இன்டரப்ட் என்று வாங்கினால், திரும்பும்போது இன்டரப்ட் முதலில் நிற்கும், பிறகு ஒர்க் ரத்தாகும், கடைசியில்தான் மெமரி போகும். இதற்கென்றே 2021-ல் மட்டி வைட்டினென் டெவ்எம்-ஒர்க்-ஆட்டோகேன்சல் என்று ஒன்றைச் சேர்த்தார், டிலேய்ட் ஒர்க்குக்கும் ஒன்று உண்டு. ப்ரோப்பில் எந்தப் படியில் முதன்முதலாகக் கையால் ஒன்றை வாங்குகிறீர்களோ, அதற்குக் கீழே இருக்கிற எல்லாமே கையால்தான் என்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் அந்த ஒன்றை ஆக்‌ஷனாக மாற்றுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

ரிமூவ் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய டிரைவர்களில் ரிமூவ் ஃபங்ஷன் ஒரு எண்ணைத் திருப்பித் தரும், அதைப் பார்த்துப் பலர் "இப்போது முடியாது" என்று பிழை எண் கொடுத்துவிட்டுப் பாதியில் வெளியேறியிருப்பார்கள். கர்னல் அதைச் சட்டை செய்வதே இல்லை, டிவைஸ் போனது போனதுதான், மிச்சம் கசிவுதான். உவே கிளைனே-கோனிக் இதற்காகப் பல வருஷம் ஒவ்வொரு டிரைவராக உட்கார்ந்து திருத்தினார், 6.11-ல் பிளாட்ஃபார்ம் டிரைவர்களின் (போர்டோடு நிலையாக இருக்கும் டிவைஸ்களுக்கானவை) ரிமூவ் எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனாக மாறிவிட்டது. விளம்பரம் இல்லாத வேலை, ஆனால் இப்படிப்பட்ட வேலையால்தான் இந்தச் சரக்கு நம்பிக்கைக்கு உரியதாக இருக்கிறது.

சரி, எங்கே டெவ்எம் கைவிடும்?

டெவ்எம் நோட்டில் எழுதியிருப்பது டிவைஸின் பெயர். அந்த டிவைஸை யார் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. விற்பனையாளரின் டிரைவர் தனியாக ஒரு கேரக்டர் டிவைஸ் (கோப்பு போலத் திறந்து படிக்கும் வகை) பதிவு செய்து, நம் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) அதைத் திறந்து படித்துக்கொண்டே இருக்கும்படி அமைந்திருந்தது. டீமன் திறந்து வைத்திருக்கும்போது டிரைவர் பிரிந்தால் டெவ்எம்-கேஸாலாக்கில் வாங்கிய மெமரி போய்விடும், ஆனால் டீமன் கையில் இருக்கும் கோப்பு போகாது, அடுத்த தடவை அது படிக்கும்போது போன மெமரியைத் தொடும். மிஸ்க் டிவைஸை (கேரக்டர் டிவைஸில் எளிய வகை) பதிவிலிருந்து எடுத்தால்கூடத் திறந்திருக்கும் கோப்புகள் மூடும்வரை அது காத்திருப்பதில்லை. யுஎஸ்பியில் மாட்டும் எதுவாக இருந்தாலும் இது நிச்சயம் வரும், ஏனென்றால் கனெக்டரைப் பிடுங்குகிறவர் டீமனிடம் அனுமதி கேட்பதில்லை. லோரான் பின்ஷார் 2022-ல் லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் டெவ்எம்-கேஸாலாக் ஏன் கேடு என்றே தலைப்பு வைத்துப் பேசினார். டெவ்ரெஸ்ஸை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை, பயனர் திறந்து வைத்த பொருளின் ஆயுளைக் கவனிக்காத சப்சிஸ்டங்கள்தான் காரணம் என்று பதிலுக்கு வாதாடியவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது பக்கம்தான் சரி என்று படுகிறது, ஏனென்றால் கையால் கேஃப்ரீ (மெமரியைத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷன்) போட்டிருந்தாலும் அதே இடத்தில் அதே சாவுதான். ஆனால் டெவ்எம் இருப்பதால் யோசிக்காமல் எழுதத் தோன்றுகிறது என்பதை மறுக்க முடியாது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, எண்ணிக்கை வைத்து (கேரெஃப்), கடைசி ஆள் கோப்பை மூடியபிறகு விடுவிப்பது, நடுவில் "ஹார்டுவேர் செத்துவிட்டது" என்று ஒரு கொடியை லாக்குக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வது. வேலை அதிகம், தப்பு வரவும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று, இதையெல்லாம் ஏற்கெனவே யோசித்து வைத்த சப்சிஸ்டத்துக்குள் போய்விடுவது. நீர்மட்டம் மாதிரி அளவுகளுக்கு ஐஐஓ என்ற சென்சார் சப்சிஸ்டம் இருக்கிறது. டெவ்எம்-ஐஐஓ-டிவைஸ்-அல்லாக் என்று பெயரில் டெவ்எம் இருந்தாலும் அது விடுவது தன் கையிலிருக்கும் ஒரு எண்ணிக்கையை மட்டும்தான், கோப்பைத் திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை மெமரி நிற்கும், டிவைஸ் போனபிறகு படித்தால் "டிவைஸ் இல்லை" என்று மரியாதையாகப் பிழை வரும். கேரக்டர் டிவைஸைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐஐஓவுக்கு மாறியபிறகு எங்கள் டிரைவரில் பாதி நிரல் தேவையே இல்லாமல் போயிற்று. டிஸ்ப்ளே பக்கத்தில் இதே தலைவலிக்கு 2020-ல் சிமோனா வெட்டர் டிஆர்எம்எம் என்று தனி வகையைக் கொண்டுவந்தார், அது ஹார்டுவேர் பிரிவதோடு கட்டப்படாமல் டிஆர்எம் (கர்னலின் கிராஃபிக்ஸ் சப்சிஸ்டம்) டிவைஸின் ஆயுளோடு கட்டப்பட்டது. கிராஃபிக்ஸ் ஆட்கள் எதிலும் தனி ராஜ்ஜியம்தான், இந்த விஷயத்தில் மட்டும் அவர்களைப் பாராட்டலாம்.

இன்னொரு தவறான பயன்பாடு: டெவ்எம்மை ப்ரோப்புக்கு வெளியே கூப்பிடுவது. அளவு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் டெவ்எம்-கேஸாலாக் போட்டால் அது டிரைவர் பிரியும்வரை சேர்ந்துகொண்டே போகும், மேட்டூர் திறந்து குறுவை முடிவதற்குள் மெமரி தீர்ந்துவிடும். அந்த மாதிரிக் குறுகிய ஆயுள் வேலைக்கு டெவ்எம் வேண்டாம், அதற்குத்தான் அடுத்த சரக்கு.

கிளீனப் ஹெடர். பீட்டர் ஸைல்ஸ்ட்ரா 6.5-ல் கொண்டுவந்தது, 2023 ஆகஸ்டில் வெளியான கர்னல். ஒரு மாறி அதன் எல்லையை விட்டு வெளியேறும்போது ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் வசதி ஜிசிசி கம்பைலரில் ரொம்ப காலமாக இருக்கிறது, சிஸ்டம்டி, ஜிலிப் மாதிரி மென்பொருள்கள் எல்லாம் எப்போதோ பயன்படுத்த ஆரம்பித்துவிட்டன, கர்னல்தான் தாமதம். இப்போது மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக்) எடுக்க "கார்ட்" என்று ஒரு வரி எழுதினால் போதும், ஃபங்ஷனில் எந்த மூலையிலிருந்து ரிட்டர்ன் ஆனாலும் லாக் தானே விடும். ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும் வேண்டுமானால் ஸ்கோப்ட்-கார்ட். மெமரிக்கு அடிக்கோடு-ஃப்ரீ என்று மாறியோடு ஒட்டி எழுதினால் போகும்போது கேஃப்ரீ நடக்கும், வெற்றியாக முடிந்து பாயிண்டரை வெளியே கொடுக்க வேண்டுமானால் நோ-ஃப்ரீ-பிடிஆர் போட்டு அதை விடுவித்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு இதில் பெரிய பலன் வந்த இடம் சென்சாரைப் படிக்கும் ஃபங்ஷன். லாக் எடுத்து, கட்டளை எழுதி, காத்திருந்து, படித்து, சரிபார்த்து என்று ஐந்தாறு இடத்தில் தோற்க வாய்ப்பு. கரண்ட் நடுவில் போனால் எந்த இடத்திலும் தோற்கும். ஒரே ஒரு இடத்தில் லாக்கை விடாமல் திரும்பினால் அடுத்த படிப்பு அங்கேயே உறைந்துபோகும். கார்ட் போட்டபிறகு அந்தப் பயம் இல்லை. டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் பட்டியல்) பிள்ளை நோடுகளைச் சுற்றிவரும் லூப்பிலிருந்து நடுவில் ரிட்டர்ன் ஆகும்போது நோடின் எண்ணிக்கையைக் குறைக்க மறந்துபோகும் பழைய வியாதிக்கும் 2024-ல் ஸ்கோப்ட் வகை லூப் வந்துவிட்டது, ஐஐஓவைப் பராமரிக்கும் ஜொனாதன் கேமரூன் செய்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. எழுதுகிற வரிசையை வைத்துத்தான் விடுவிப்பு நடக்கும் என்பதால், ஃபங்ஷன் தலையில் பாயிண்டரை நல் (வெறுமை) என்று அறிவித்துவிட்டு, கீழே கார்ட் எடுத்து, அதற்குள் பாயிண்டரை நிரப்பினால், போகும்போது முதலில் லாக் விடும், அதற்கப்புறம்தான் பாயிண்டர் விடுவிக்கப்படும். விடுவிப்பதற்கு லாக் வேண்டும் என்றால் கதை முடிந்தது. அதனால்தான் அறிவிப்பையும் நிரப்புவதையும் ஒரே வரியில் வைக்கச் சொல்கிறார்கள், ஒரே ஃபங்ஷனில் கோ-டூவையும் இதையும் கலக்கவே வேண்டாம் என்கிறார்கள். இரண்டும் அந்த ஹெடரின் தலைக் குறிப்பிலேயே விளக்கமாக இருக்கிறது, டெவ்ரெஸ் ஆவணத்தைவிட இது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சி மொழியில் மாறிகளை ஃபங்ஷன் தலையிலேயே அறிவித்துப் பழகிய கைக்கு நடுவில் அறிவிப்பது கொஞ்சம் உறுத்தும், பழகிவிடும். இதற்காகவே கர்னல் அந்தப் பழைய எச்சரிக்கையைக் கம்பைலரிலிருந்து எடுத்துவிட்டது.

எல்லாரும் இதைக் கொண்டாடவில்லை என்பதையும் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். நெட்வொர்க் பக்கத்துப் பராமரிப்பாளர்கள் தங்கள் வழிகாட்டியில், தானே சுத்தம் செய்யும் இந்த வசதிகளின் வாக்குறுதிகளை, டெவ்எம் உட்பட, சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 20 வரிக்கு மேற்பட்ட ஃபங்ஷனில் கார்ட் வேண்டாம், ஸ்கோப்ட்-கார்ட் போடு என்பது அவர்கள் கட்சி. இது வீம்பு என்று முதலில் தோன்றும், ஆனால் நூறு வரி ஃபங்ஷனில் தலையில் ஒரு கார்ட் எழுதிவிட்டு அறுபதாவது வரியில் தூங்கப்போகிற ஃபங்ஷனைக் கூப்பிட்டால், லாக் கையில் இருக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரியவே தெரியாது. இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட ஐஐஓவிலேயே, நேரடிப் படிப்புக்கு உரிமை எடுக்கும் ஒரு ஸ்கோப்ட் மேக்ரோவைக் கொண்டுவந்து, அது நிரலை விளங்காததாக்குகிறது, கம்பைலரையும் குழப்புகிறது என்று கண்டு திரும்ப எடுத்துவிட்டார்கள்.

மார்க் போடச் சொன்னால் டெவ்எம்முக்கு 5-க்கு 4. குறைத்த அந்த ஒரு மார்க், பயனர் கோப்பு விவகாரத்துக்காக. கிளீனப் ஹெடருக்கு 3.5, உங்கள் போர்டு விற்றவர் எந்தக் கர்னலில் நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து அது 0 ஆகவும் மாறலாம். எங்கள் பெட்டிகளில் ஒரு வகை இன்னும் 5.10-ல் ஓடுகிறது, அதில் டெவ்எம் மட்டும்தான். புது வகை 6.6-ல், அதில் இரண்டும். ஒரே டிரைவரை இரண்டுக்கும் வைத்திருக்க வேண்டியிருப்பதால் கிளீனப் வகையைப் புதுப் பெட்டிக்கு மட்டும் உள்ள கோப்புகளோடு நிறுத்தியிருக்கிறோம். ரஸ்ட் என்ற மொழியிலேயே இதெல்லாம் இருக்கிறதே என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும், போர்டு விற்றவரிடம் சொல்லுங்கள்.

வாங்கிப் போட்டபிறகு சோதிக்க ஒன்றிரண்டு வழி. கர்னல் கட்டமைப்பில் டிபக் டெவ்ரெஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்து, பூட் வரியில் டெவ்ரெஸ் லாகை 1 என்று வைத்தால் ஒவ்வொரு சாமானும் நோட்டில் ஏறுவதும் இறங்குவதும் லாகில் வரும். வரிசை சரியா என்று கண்ணாலேயே பார்க்கலாம். இன்னொன்று டிபக் டெஸ்ட் டிரைவர் ரிமூவ்: ஒவ்வொரு டிரைவரையும் ப்ரோப் செய்து, உடனே பிரித்து, மறுபடி ப்ரோப் செய்யும். கூடவே காசானையும் கேமெம்லீக்கையும் (மெமரித் தப்பையும் கசிவையும் பிடிக்கும் கருவிகள்) ஆன் செய்துகொள்ளுங்கள், விற்பனையாளரின் அந்தப் பழைய டிரைவர் இதில் பூட் ஆகும்போதே "பிஸி" என்று கத்திவிட்டது. கோக்சினெல் (நிரலில் தப்பைத் தேடும் கருவி) ஸ்கிரிப்ட் ஒன்று கர்னலோடு வருகிறது, டெவ்எம்மில் வாங்கியதைத் தவறுதலாகக் கையால் கேஃப்ரீ செய்திருந்தால் காட்டிக்கொடுக்கும். சோதனைக்கென்று தனி இமேஜ் கட்டிக்கொள்ளுங்கள். ரிமூவ் சோதனையை ஆன் செய்த இமேஜைக் களத்துப் பெட்டியில் ஏற்றிவிடக் கூடாது, அந்த வசதியின் விளக்கத்திலேயே அது சிஸ்டத்தையே பயன்படாமல் செய்துவிடலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது, எங்கள் போர்டு சோதனை மேஜையிலேயே பூட் ஆகவில்லை, யாரோ எழுதிய எம்எம்சி (மெமரி கார்டு) டிரைவர் இரண்டாவது ப்ரோப்பில் படுத்துவிட்டது, அதைத் திருத்தி அனுப்பும் பேட்ச் இன்னும் ரிவ்யூவில் இருக்கிறது.